உறங்கும் பெட்டிகளை எழுப்புவோர்

“ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கலாகாதா?” என்று நம் வீட்டுப் பெரியோர் கேட்பதுண்டு. சோறு வேகும் வரை காத்திருந்தவன், அது ஆறும் வரை காத்திருக்க மாட்டாமல் வாயைச் சுட்டுக்கொள்கிறான். இப்பழமொழியின் உண்மையைத் தம் கைத்தொழிலில் நாள்தோறும் கண்டுணரும் கூட்டத்தார் சிலர் அமெரிக்க நாட்டில் இருக்கின்றனர். அவர்கள் சமையற்காரர்கள் அல்லர். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளைத் தேடிச் சேர்த்து, பழுதுபார்த்து, மீண்டும் படம் காட்டச் செய்பவர்கள்.

ஒரு வீட்டின் நிலவறையைக் கற்பனை செய்து பாருங்கள். தூசி படிந்த மூலையில், இடுப்பளவு உயரத்தில், தேக்குப் பெட்டகம் போன்று ஒரு மரப்பெட்டி நிற்கிறது. அதன் முகப்பில் பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தில் ஒரு கண்ணாடித் திரை. அறுபது ஆண்டுகளுக்கு முன் அவ்வீட்டார் மாலைதோறும் கூடியமர்ந்து பார்த்த பெட்டி அது. பல நாள் தேடியலைந்தவர் இன்று அதைக் கண்டுவிட்டார். மின்கம்பி பின்புறம் சுருண்டு கிடக்கிறது. சுவரில் மின்சாரமும் இருக்கிறது. “ஒரு நொடி செருகிப் பார்த்தால் என்ன?” என்று மனம் துடிக்கிறது. அந்த ஒரு நொடியில்தான் பெட்டி பிழைப்பதும் அழிவதும் முடிவாகின்றன.

வரவேற்பறையின் நாயகன்

தரையில் நிற்கும்படி மர அலமாரிக்குள் அமைந்த தொலைக்காட்சிப் பெட்டியை அமெரிக்கர் ‘கன்சோல்’ என்பர். 1939-ஆம் ஆண்டில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஆர்.சி.ஏ. நிறுவனம் மக்களுக்குக் காட்டிய டி.ஆர்.கே.-12 என்னும் பெட்டியே ஒரு கன்சோல்தான். அதன் படக்குழாய் மிக நீளமானது. படுக்க வைத்தால் பெட்டி சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும். எனவே குழாயை நட்டுக்குத்தாக நிறுத்தி, மேல்மூடியின் உட்புறம் ஒரு கண்ணாடியைப் பதித்தனர். மூடியைத் திறந்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தையே மக்கள் பார்த்தனர். அதன் விலை 600 டாலர்.

உலகப்போர் முடிந்தபின் 1946-இல் அதே நிறுவனம் வெளியிட்ட 630-டி.எஸ். என்னும் பத்து அங்குலப் பெட்டி மேசைமீது வைக்கத்தக்கது. முப்பது வால்வுகள் கொண்டது. அதிலிருந்து இத்தொழில் காட்டாறாய்ப் பெருகிற்று. 1950-இல் அமெரிக்க வீடுகளில் பத்தில் ஒன்றில் மட்டுமே தொலைக்காட்சி இருந்தது. 1960-இல் பத்தில் ஏறத்தாழ ஒன்பதில் இருந்தது. பெட்டி வீட்டுக்கு வந்தபோது அதை அறைக்கலனாகவே மக்கள் வரவேற்றனர். வால்நட், மகாகனி மரத்தகடு போர்த்தியவை, கதவு வைத்தவை, ரேடியோவும் இசைத்தட்டுக் கருவியும் சேர்ந்தவை என வகைவகையாய் வந்தன. மேலே குடும்பப் புகைப்படங்களும் பூச்சாடியும் இடம்பெற்றன.

ஆயர் புல்டன் ஷீன் என்னும் பெயரை நம் பங்குகளில் மூத்தோர் கேட்டிருப்பர். 1952 பிப்ரவரி முதல் ‘வாழ்வு வாழத்தக்கதே’ என்னும் பொருள்படும் தலைப்பில் அவர் நிகழ்த்திய உரைகளை, செவ்வாய்க்கிழமை இரவுகளில் அமெரிக்கக் குடும்பங்கள் இத்தகைய பெட்டிகளின் முன் அமர்ந்தே கேட்டன. பக்கத்தில் ஒரு கரும்பலகை, கையில் சுண்ணக்கட்டி. வேறு அலங்காரம் இல்லை. அவருக்கு 1953-இல் எம்மி விருது கிடைத்தது. அந்நிகழ்ச்சியின் செலவை ஏற்ற அட்மிரல் நிறுவனம் தொலைக்காட்சிப் பெட்டி செய்து விற்ற நிறுவனமே என்பது சேகரிப்பாளர் விரும்பிச் சொல்லும் செய்தி. அட்மிரல் பெட்டியொன்று இன்று கிடைத்தால், அதில் எந்த வீட்டார் எந்த உரையைக் கேட்டனரோ என்று எண்ணாமல் இருக்க முடியுமா?

தேடிக் கண்டடைதல்

முதியோர் மறைந்த பின்னரோ, வீட்டை விட்டுப் பிள்ளைகளிடம் செல்லும்போதோ, வீட்டுச் சாமான் அனைத்தையும் அங்கேயே வைத்து விற்பது அமெரிக்க வழக்கம். சேகரிப்பாளர் அதிகாலையிலேயே அவ்விற்பனைகளுக்குச் செல்கின்றனர். புனித வின்சென்ட் தே பவுல் சபையார் போன்ற அறப்பணி அமைப்புகள் ஏழைகளுக்கு உதவப் பழம்பொருள் கடைகள் நடத்துகின்றனர். முன்னாளில் அங்கும் கன்சோல்கள் கிடைத்தன. இப்போது குழாய்த் தொலைக்காட்சியை ஏற்க இத்தகைய கடைகளில் பல மறுத்துவிடுகின்றன. வாங்குவார் இல்லை, தூக்கவோ இருவர் வேண்டும், குப்பையில் போடலாமென்றால், கண்ணாடியில் ஈயம் கலந்திருப்பதால் அதற்கும் தடை.

ஆகவே விலை பெரும்பாலும் சிக்கலன்று. “எடுத்துக்கொண்டு போனால் போதும்” என்பாரும் உண்டு. சிக்கல் வேறு. மரப்பெட்டியின் அழகில் மயங்கி, உள்ளிருப்பதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, அதை மீன்தொட்டியாகவும் புத்தக அலமாரியாகவும் மாற்றுவோர் பலர். கூடு அழகாய் நிற்கும், உயிர் போய்விட்டிருக்கும்.

அறிந்தவர் வாங்குமுன் சிலவற்றைப் பார்ப்பர். பின்மூடியில் ஒட்டிய வால்வு வரைபடத் தாள் இருக்கிறதா? எலி கூடு கட்டியதா? வெள்ளத்தில் நனைந்து மரத்தகடு உரிந்ததா? வால்வுகளின் உட்புறம் வெள்ளிபோல் மின்னும் ஒரு பூச்சு இருக்கும். அது பால்வெண்மையாய் மாறியிருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. அந்த வால்வு முடிந்தது.

முதல் விதி: உடனே மின்சாரம் கொடாதே

இப்பெட்டிகளில் மின்தேக்கிகள் பல உண்டு. கண்டென்சர் என்று ரேடியோ மெக்கானிக்குகள் அழைப்பது இவற்றையே. பழங்காலத்தவை காகிதமும் உலோகத்தாளும் சேர்த்துச் சுருட்டி, மெழுகு பூசி அடைக்கப்பட்டவை. காகிதம் காலப்போக்கில் ஈரம் ஏற்று மின்சாரத்தைக் கசியவிடும். மின்வழங்கிப் பகுதியிலுள்ள பெரிய வேதிக் கண்டென்சர்களோ காய்ந்துபோகும்.

இந்நிலையில் பெட்டியைச் செருகினால் என்ன நேரும்? கெட்டது இரண்டு ரூபாய்க் கண்டென்சராக இருக்கும். அதன் கசிவினால் எரிந்து போவதோ, வேறெங்கும் கிடைக்காத டிரான்ஸ்பார்மராக இருக்கும். சில பெட்டிகளில் செலினியம் தகடுகள் கொண்ட மின்திருத்தி இருக்கும். அது எரிந்தால் எழும் புகை நாற்றம் மிக்கது மட்டுமன்று, நச்சும் ஆகும். ஐம்பது ஆண்டு பொறுத்திருந்த பெட்டியை, ஐந்து நிமிடம் பொறுக்காதவர் கொன்றுவிடுகிறார்.

எனவே அறிந்தவர் முதலில் தூசி துடைக்கின்றனர். பிறகு வரைபடம் தேடுகின்றனர். இண்டியானாபோலிஸ் நகரில் ஹோவர்ட் சாம்ஸ் நிறுவனம் 1946 முதல் ‘போட்டோஃபேக்ட்’ என்னும் ஏடுகளை வெளியிட்டது. சந்தைக்கு வந்த பெட்டிகளை ஒவ்வொன்றாய்ப் பிரித்து, படமெடுத்து, எந்த முனையில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்பது வரை அவற்றில் குறித்தனர். அன்றைய தெருமுனை மெக்கானிக்குக்காக எழுதப்பட்ட அத்தாள்கள், மெக்கானிக்குகள் மறைந்த பின்னும் அவர்கள் அறிவைக் காத்துத் தருகின்றன.

வரைபடம் கிடைத்தபின் காகிதக் கண்டென்சர்களை மாற்றுகின்றனர். ஒரு பெட்டியில் இருபது முப்பது இருக்கலாம். அதற்கு மேலும் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒருசேர வெட்டியெறிவதில்லை. ஒன்றைக் கழற்றி, அதனிடத்தில் புதியதைப் பற்றவைத்து, வரைபடத்தில் குறியிட்ட பின்னரே அடுத்ததைத் தொடுவர். இவையெல்லாம் முடிந்த பிறகே மின்சாரம். அதுவும் முழு அளவில் அன்று. சாதாரண பல்பு ஒன்றைப் பெட்டியோடு தொடர் இணைப்பில் வைத்து முதலில் செலுத்துவர். பல்பு பளிச்சென எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஏதோ குறுக்கே பாய்கிறது என்று பொருள், உடனே நிறுத்திவிடுவர்.

குறி கண்டு நோய் அறிதல்

வால்வுகள் செந்நிறமாய் ஒளிரத் தொடங்குகின்றன. ஒலிபெருக்கியில் மெல்லிய இரைச்சல். பிறகு, செவி கூர்மையான பிள்ளைகளுக்கு மட்டும் கேட்கும் கீச்சென்ற நுண்ணொலி. அது என்ன? அமெரிக்கப் படம் ஒன்று 525 கோடுகளால் ஆனது. நொடிக்கு 30 படங்கள். இரண்டையும் பெருக்கினால் 15,750. நொடிக்கு அத்தனை முறை மின்கதிர் இடமிருந்து வலமாக ஓடுகிறது. அதை ஓட்டும் டிரான்ஸ்பார்மரின் குரலே அந்த ஒலி. வயது ஏற ஏற அது காதுக்கு எட்டாமற் போகும். சேகரிப்பாளர் பலரும் முதியோர், “சத்தம் வருகிறதா?” என்று அவர்கள் பேரப்பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும்!

திரையில் தோன்றுவதெல்லாம் குறிகளே. நடுவே ஒரேயொரு படுக்கைக் கோடு மட்டும் பளிச்சிட்டால், கதிரை மேலும் கீழும் அசைக்கும் பகுதி செயலற்றது. ஒலி வந்து ஒளி வாராவிடில், உயர் மின்னழுத்தம் பிறக்கவில்லை. படம் நாற்புறமும் சுருங்கியிருந்தால், மின்வழங்கி சோர்ந்துள்ளது. இருண்ட பட்டை ஒன்று திரையில் மெல்ல ஏறினால், வேதிக் கண்டென்சரைப் பார்க்க வேண்டும். படம் நில்லாது உருண்டால், ஒத்தியக்கப் பகுதியை ஆராய வேண்டும். கைதேர்ந்த வைத்தியர் நாடி பார்ப்பது போன்றது இது.

அன்று அமெரிக்க மருந்துக் கடைகளிலேயே வால்வு சோதிக்கும் பொறி இருந்தது. வீட்டார் தம் பெட்டியின் வால்வுகளைப் பையிலிட்டு எடுத்துச் சென்று, தாமே சோதித்து, கெட்டதற்கு மாற்று வாங்கிவந்தனர். அக்காலத்தில் செய்து விற்காமல் தங்கிய வால்வுகள் இன்றும் ஏராளமாய்க் கிடைப்பது இவர்களுக்குக் கிட்டிய நற்பேறு.

மீண்டும் செய்யப்படாத ஒன்று

வால்வு கிடைக்கும், கண்டென்சர் கிடைக்கும், மரவேலைக்குத் தச்சர் கிடைப்பார். கிடைக்காதது ஒன்றே, அது படக்குழாய்.

குழாய் மங்கினால் முன்னாளில் அதைப் புதுப்பிக்கும் தொழிற்கூடங்கள் இருந்தன. கழுத்தை அறுத்து, தேய்ந்த மின்துப்பாக்கியை நீக்கி, புதியதைக் கண்ணாடியோடு உருக்கி இணைத்து, உலையில் சூடாக்கியபடியே காற்றை வெளியேற்றி மூடுவர். ஐயோவா மாநிலத்தின் டி மொயின் நகரில் இயங்கிய இத்தகைய கூடம் 2010-இல் மூடப்பட்டது. அதன் கருவிகளை, ஒகையோ மாநிலம் ஹில்லியர்ட் நகரில் பழந்தொலைக்காட்சி அருங்காட்சியகம் நடத்தும் அறக்கட்டளை பெற்றுக்கொண்டது. கருவி இருந்தால் போதுமா? அதைக் கையாளும் கைப்பக்குவம் ஏட்டில் அடங்காது. ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் செல்ல வேண்டும்.

வண்ணத் தொலைக்காட்சியின் தொடக்கத்தில் இத்துயரம் மிகத் தெளிவாய்த் தெரியும். அமெரிக்காவின் வண்ண ஒளிபரப்பு முறை 1953 டிசம்பரில் ஒப்புதல் பெற்றது. மறு ஆண்டு ஆர்.சி.ஏ. நிறுவனம் இண்டியானாவின் புளூமிங்டனில் சி.டி.-100 என்னும் கன்சோலைச் செய்தது. விலை 1,000 டாலர். திரையோ பதினைந்து அங்குலக் குழாய். செய்யப்பட்டவை சில ஆயிரமே; இன்று எஞ்சியவை மிகச் சில. அவற்றிலும் பல, குழாயின் உலோகமும் கண்ணாடியும் பொருந்தும் இடத்தின் வழியே காற்றுப் புகுந்து உயிரிழந்தவை. அத்தகைய பெட்டியைச் சேகரிப்பாளர் எறிவதில்லை. மற்றப் பகுதிகள் யாவற்றையும் செம்மை செய்து, திரை இருண்டிருக்கவே வைத்துக் காக்கின்றனர்.

குழாயின் எல்லா நோயும் தீராதவை அல்ல. 1950-களின் பிற்பகுதி முதல் வந்த பல குழாய்களில், முன்புறம் காப்புக் கண்ணாடி ஒன்றைப் பசையினால் ஒட்டினர். அப்பசை முதிர்ந்து, ஓரங்களில் வெண்ணிறக் குமிழிகள் படரும். இதைச் சேகரிப்பாளர் ‘கண்புரை’ என்றே அழைக்கின்றனர். இளஞ்சூட்டில் பசையை இளக்கி, அல்லது சூடேறிய மெல்லிய கம்பியால் அறுத்து, காப்புக் கண்ணாடியைப் பிரித்துத் துடைத்து மீண்டும் பொருத்துவர். கை சற்றே தவறினால் குழாய் உடையும். உடைந்தால் மாற்று இல்லை. கண் அறுவை செய்யும் மருத்துவரின் நிதானம் இங்கும் வேண்டும்.

எதை மாற்றுவது, எதைக் காப்பது?

இவ்வன்பர்களிடையே ஓயாத விவாதம் ஒன்று உண்டு. பழம்பொருளைப் புதுப்பிக்கும்போது அதன் பழமையே போய்விடாதா? அடித்தட்டில் புதுக் கண்டென்சர்கள் வண்ணவண்ணமாய் மின்னினால், அது அன்றைய பெட்டிதானா? சிலர் பழைய கண்டென்சரின் மெழுகை உருக்கி, உட்பொருளை நீக்கி, அந்தக் கூட்டுக்குள் புதியதை வைத்து மீண்டும் மெழுகிட்டு அடைக்கின்றனர். பார்ப்பவர்க்குப் பழையது, வேலை செய்வதோ புதியது. வேறு சிலர், “காணாத இடத்தில் எதற்கு இத்தனை உழைப்பு? படம் தெரிந்தால் போதாதா?” என்கின்றனர்.

இதைவிடக் கடினமான கேள்வியும் உண்டு. ஒரே வகைப் பெட்டிகள் இரண்டு கிடைக்கின்றன, இரண்டும் நலிந்தவை. ஒன்றைப் பிரித்தால் மற்றொன்று பிழைக்கும். எதைப் பலியிடுவது? பெரும்பாலோர் மரம் சிதைந்ததைப் பிரித்து, அதன் உறுப்புகளைப் பெயரெழுதிப் பேழையில் வைக்கின்றனர். அவசரப்பட்டு மின்சாரம் கொடுத்து எரித்துவிட்ட பெட்டியிலிருந்து அப்படி எடுக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை.

எல்லாம் முடிந்து பெட்டி விழித்தாலும், அது காணப் படம் வேண்டுமே! அமெரிக்காவின் முழுத்திறன் நிலையங்கள் 2009 ஜூன் 12-ஆம் நாளோடு பழைய முறை ஒளிபரப்பை நிறுத்திவிட்டன. ஆகவே மாற்றுக்கருவி ஒன்றின் வழியே மூன்றாம் அல்லது நான்காம் அலைவரிசைக்கு இசையுமாறு சைகை தந்தே படம் காட்டுகின்றனர். பேச மொழி மாறிவிட்ட ஊருக்குத் திரும்பிய முதியவருக்கு, துணையாய் ஒரு மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவது போன்றது இது.

உயிரோடு விளையாடலாகாது

இதைப் படித்து ஆர்வம் கொள்வோர்க்கு ஓர் எச்சரிக்கை. படக்குழாய்க்குச் செல்லும் மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட். வண்ணப் பெட்டிகளில் இருபதாயிரத்தையும் தாண்டும். செருகியைப் பிடுங்கிய பின்னும் குழாயில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதைவிடக் கொடியது மின்வழங்கியில் நிற்கும் சில நூறு வோல்ட். சில பெட்டிகளில் உலோகத் தளமே நேராக வீட்டு மின்சாரத்தோடு இணைந்திருக்கும். உள்ளே கை வைக்கும்போது மற்றொரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள் என்பது பழைய மெக்கானிக்குகள் சீடருக்குக் கற்பித்த பாடம். இரு கையும் தொட்டால் மின்சாரம் மார்பின் வழியே பாயும். குழாயினுள் வெற்றிடம் இருப்பதால், கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் அது உள்நோக்கி வெடித்துக் கண்ணாடிச் சில்லுகளைச் சிதறவிடவும் கூடும். முறையாய்க் கற்காதவர், தனியாய் இருப்பவர், உறக்கக் கலக்கத்தில் உள்ளவர் எவரும் இதைத் தொடலாகாது.

நம் வீட்டுப் பரணில்

இஃது அயல்நாட்டாரின் பொழுதுபோக்குத்தானே என்று எண்ண வேண்டா. சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1975 ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கிற்று. அதையடுத்து நம் வீடுகளுக்கு வந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளும் மரப்பெட்டிகளே. மடக்குக் கதவும் நான்கு கால்களும் வைத்தவற்றை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். தெருவே ஒரு வீட்டில் கூடி ஒளியும் ஒலியும் பார்த்த நாள்களை மறக்கவும் கூடுமோ? அப்பெட்டிகளில் சில இன்னும் பரணிலும் மாட்டுத்தொழுவத்திலும் கிடக்கக்கூடும்.

உங்கள் வீட்டில் அப்படியொன்று இருந்தால், மூன்று செயல்களை மட்டும் செய்யுங்கள். ஈரம் படாத இடத்துக்கு மாற்றுங்கள். உள்ளிருப்பதைப் பிடுங்காதீர்கள். எரிகிறதா பார்ப்போம் என்று செருகாதீர்கள். பழைய ரேடியோ, தொலைக்காட்சி வேலை அறிந்த பெரியவர் எவரேனும் உங்கள் ஊரில் இருந்தால், உங்கள் மகனையோ மகளையோ அவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பெட்டியைவிட விரைவாய் மறைந்து வருவது அவருடைய கையறிவே.

நிலவறையில் நின்ற நம் நண்பர் அன்று செருகவில்லை. கம்பியைச் சுருட்டிக் கட்டி, “வேலை முடியும் முன் செருகலாகாது” என்று ஒரு சீட்டெழுதி அதில் தொங்கவிட்டார். பிறகு துணைக்கு ஓர் ஆளை அழைத்து, பெட்டியை மெல்லத் தூக்கி வண்டியில் ஏற்றினார். படம் தெரிய இன்னும் பல மாதங்கள் ஆகலாம். ஆனால் அப்பெட்டி பிழைத்தது அந்தச் சீட்டினால்தான்.